காற்றாலைக்கு மேடும் காற்றும் இருந்தால் போதுமா?

வாசகர் கேள்வி, 2024 பிப்ரவரி 11

எங்கள் ஊருக்கு வெளியே ஒரு நீண்ட மேடு இருக்கிறது. காற்று பிய்த்துக்கொண்டு போகும், குடை நிற்காது. மேலே புல்லைத் தவிர ஒன்றும் இல்லை, ஆள் நடமாட்டமும் குறைவு. இவ்வளவு இருந்தும் காற்றாலை வைக்க யாரும் வரவில்லை. காற்று வீசுகிற காலி இடம்தானே வேண்டும்? வேறு என்னதான் பார்க்கிறார்கள்?

பிப்ரவரி 11, இரவு

குடை திரும்புவது உங்கள் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில். இன்றைய பெரிய காற்றாலைகளின் சுழல்மையம் இருப்பது ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில். இரண்டும் ஒரே காற்று அல்ல.

எந்த உயரத்தில் எவ்வளவு வேகம், எந்த மாதங்களில், எந்தத் திசையிலிருந்து, பக்கத்தில் துணை மின்நிலையம் எங்கே, மேட்டுக்குப் போகும் சாலை எப்படி, கடைசி வீடு எவ்வளவு தூரத்தில். இவை தெரியாமல் அந்த மேட்டைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல்லும் சொல்ல முடியாது. காற்றளவுக் கோபுரங்களோடும் அவை தரும் எண்களோடும் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்பதால் இதில் பேச எனக்கு நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 12

முதலில் வேகம். காற்றில் இருக்கும் ஆற்றல் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் 10 சதவீதம் கூடினால் ஆற்றல் 33 சதவீதம் கூடும். நொடிக்கு 6 மீட்டர் வீசும் இடத்தையும் 7 மீட்டர் வீசும் இடத்தையும் ஒப்பிட்டால் இரண்டாவதில் ஏறக்குறைய 59 சதவீதம் அதிகம். தரையில் நிற்பவருக்கு இந்த ஒரு மீட்டர் வித்தியாசம் உடம்பில் உறைக்காது. ஒரு திட்டம் கடனை அடைக்குமா, மூழ்குமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

இந்த ஆற்றல் முழுவதையும் எடுத்துவிடவும் முடியாது. எந்தக் காற்றாலைச் சுழலியும் 59.3 சதவீதத்துக்கு மேல் பிடிக்க முடியாது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அந்த வரம்பு இன்றும் அப்படியே நிற்கிறது.

ஆண்டுச் சராசரி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எனக்குக் கணக்கு அனுப்பாதீர்கள். ஓரிடத்தில் எப்போதும் 8 மீட்டர் வேகம். இன்னோரிடத்தில் பாதி நேரம் 4, பாதி நேரம் 12. சராசரி இரண்டுக்கும் 8தான். முப்படி போட்டுப் பாருங்கள்: முதலாவது 512, இரண்டாவது 896. எந்த வேகம் எத்தனை மணி நேரம் வீசியது என்ற பரவலைக் கேட்பது இதனால்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 3 அல்லது 4 மீட்டருக்குக் கீழே சுழலி மின்சாரம் தராது. 12, 13 மீட்டர் வந்ததும் முழுத் திறனை எட்டிவிடும். அதற்கு மேல் எவ்வளவு வீசினாலும் கூடுதலாக ஒன்றும் கிடையாது. 25 மீட்டரைத் தொட்டால் பெரும்பாலான சுழலிகள் தம்மைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். எப்போதோ சில நாள் புயல்போல அடித்துவிட்டு மீதி நாளெல்லாம் ஓய்ந்துகிடக்கும் இடம் நல்ல இடம் அல்ல.

பிப்ரவரி 14

கையடக்கமான வேகமானி ஒன்றை வாங்கி ஒரு வாரம் மேட்டில் நின்று அளந்தால் போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது. ஒரு வாரத்தில் தெரிவது அந்த ஒரு வாரம்தான். குறைந்தது ஒரு முழு ஆண்டு அளக்க வேண்டும்; எல்லாப் பருவமும் ஒரு சுற்று வந்தாக வேண்டும். அந்த ஆண்டே வழக்கத்துக்கு மாறானதாக இருந்துவிடலாம். அதனால் அந்தப் பகுதியின் பல ஆண்டு வானிலைத் தரவோடு பொருத்திப் பார்த்து நீண்டகாலச் சராசரியைக் கணிக்கிறார்கள். 'இரா5' (ERA5) போன்ற உலகளாவிய தரவுத் தொகுப்புகள் இதற்குத்தான் பயன்படுகின்றன. அவற்றை மட்டும் நம்பிக் கோபுரம் நடாமல் விடுவதும் தவறு. பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாக உலகைப் பார்க்கும் தரவுக்கு உங்கள் மேடு கண்ணிலேயே படாது.

கோபுரத்தில் வெவ்வேறு உயரங்களில் கிண்ண வேகமானிகள் இருக்கும், திசைகாட்டி இருக்கும், வெப்பமும் காற்றழுத்தமும் அளக்கும் கருவிகள் இருக்கும். பத்து பத்து நிமிடமாகச் சராசரி பதிவாகும். எண்களைப் பார்த்துப் பழகியவனுக்குக் கோபுரத்தின் உடல்நிலையும் அதில் தெரியும். ஒரே உயரத்தில் எதிரெதிராகக் கட்டிய இரண்டு வேகமானிகளின் எண்களை ஒன்றாக வரைந்தால், குறிப்பிட்ட ஒரு திசையிலிருந்து காற்று வரும்போது மட்டும் ஒன்று பள்ளத்தில் விழும். அந்தத் திசையில் அது கோபுரத்தின் மறைவில் நிற்கிறது என்று பொருள். வேறொரு முறை ஒரு வேகமானி மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் துணையைவிடக் குறைவாகக் காட்டிக்கொண்டே வந்தது. காற்று குறையவில்லை. கழற்றி இறக்கிக் கையில் வைத்துச் சுழற்றியபோது உள்ளே மணல் நறநறவென்று அரைபட்டது, தாங்கி தேய்ந்திருந்தது. துணை வேகமானி இல்லாமல் போயிருந்தால் நல்ல இடம் ஒன்று காகிதத்தில் சோப்ளாங்கி இடமாகிக் கைவிடப்பட்டிருக்கும்.

லேசர் கதிரை மேலே அனுப்பிக் காற்றை அளக்கும் லைடார் கருவியும் இப்போது பரவலாக இருக்கிறது. கோபுரத்துக்கு எட்டாத உயரத்தைத் தரையிலிருந்தே அளந்துவிடும்.

கோபுரத்துக்குப் பணம் போடும் முன் மேட்டில் இருக்கும் மரங்களைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே திசைக் காற்று அடித்தால் காற்று வரும் பக்கத்தில் கிளை வளராது. மரம் கம்பத்தில் பறக்கும் கொடிபோல ஒரு பக்கமாகவே நீண்டு நிற்கும். அளவைக்கு அது ஈடாகாது. திசையைப் பற்றி அது தவறாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 15

"உயரமான உச்சிதானே சிறந்தது?" இந்தக் கேள்வி எந்த விவாதத்திலும் வந்துவிடுகிறது.

உச்சியின் உயரத்தைவிட மேட்டின் வடிவம் முக்கியம். காற்று வரும் திசைக்குக் குறுக்காக நீண்டு, மெதுவாக ஏறி, வழவழப்பாக வளைந்து இறங்கும் மேட்டில் காற்று நெருக்கப்பட்டு வேகம் கூடும். அதே உயரத்தில் செங்குத்தாக வெட்டிவிட்டதுபோல் பாறைமுகம் இருந்தால் காற்று தரையைவிட்டுப் பிரிந்து சுழல ஆரம்பிக்கும். சரிவு 30 சதவீதத்தைத் தாண்டினாலே கணக்கிடுபவர்கள் எச்சரிக்கையாகிவிடுவார்கள். அந்தக் கொந்தளிப்பில் இறக்கையின் மேல்பாதிக்கு ஒரு வேகம், கீழ்ப்பாதிக்கு இன்னொரு வேகம். மின்சாரம் குறைவதோடு பற்சக்கரமும் தாங்கிகளும் காலத்துக்கு முன்பே தேயும்.

சர்வதேசத் தரநிலை சுழலிகளை வகைப்படுத்தியிருப்பது இதனால்தான். ஆண்டுச் சராசரி வேகம் நொடிக்கு 10, 8.5, 7.5 மீட்டர் என்று மூன்று வகுப்புகள்; ஒவ்வொன்றிலும் கொந்தளிப்புக்கு ஏற்பத் துணைப்பிரிவுகள். மென்காற்றுக்கென்று நீண்ட இறக்கையோடு செய்த சுழலியை வன்காற்று மேட்டில் நடக்கூடாது. இடத்துக்குத் தக்கபடி சுழலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையிருப்பில் மலிவாகக் கிடைத்ததற்காக இடத்தை வளைக்க முடியாது.

இன்னொன்று: உயரம் போகப்போகக் காற்று லேசாகிறது. கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ, 2000 மீட்டர் உயரத்தில் 1 கிலோ. அதே வேகத்துக்கு ஆற்றல் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும்.

உலகின் பெயர்பெற்ற காற்றாலைப் பகுதிகள் பல உச்சிகளே அல்ல, இடைவெளிகள். கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் கணவாய், மெக்சிகோவின் தெவாண்டெபெக் நிலயிடுக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனையில் ஆரல்வாய்மொழிக் கணவாயும் அதையொட்டிய முப்பந்தலும். இரண்டு பக்கமும் மலை நிற்க, நடுவே புகுந்து வருகிற காற்றுக்குத் தனி வேகம்.

சமவெளியையும் ஒதுக்கிவிட வேண்டாம். புல்தரையில் 10 மீட்டர் உயரத்தில் நொடிக்கு 5 மீட்டர் வேகம் என்றால் 100 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 7 ஆகிவிடும். காடோ கட்டடங்களோ இருந்தால் தரையருகே காற்று இன்னும் தடுக்கப்படும். மேலே போகப்போக வேகம் இன்னும் செங்குத்தாக ஏறும், கொந்தளிப்பும் சேர்ந்துகொள்ளும்.

பிப்ரவரி 17

இத்தனை நாளும் காற்றைப் பற்றியே எழுதிவிட்டேன். நான் பார்த்தவரை இடங்கள் கைவிடப்படுவது பெரும்பாலும் காற்றால் அல்ல, கம்பியால்.

கென்யாவின் துர்கானா ஏரிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தியோப்பிய மேட்டுநிலத்துக்கும் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்துக்கும் இடையே காற்று ஆறுபோல ஓடும் இடம். 365 சுழலிகள், மொத்தம் 310 மெகாவாட். 2017-லேயே எல்லாம் நட்டு முடித்துவிட்டார்கள். மின்சாரத்தைக் கொண்டுபோக 400 கிலோமீட்டருக்கு மேல் மின்தடம் வேண்டும். அது முடிந்தது 2018-இல். அதுவரை அத்தனை சுழலியும் காற்றில் சும்மா நின்றன.

கம்பி இருந்தால் மட்டும் போதாது, அதில் இடமும் இருக்க வேண்டும். சீனாவின் கான்சு மாகாணத்தில் காற்றாலைகள் வேகவேகமாகப் பெருகின, மின்தடங்கள் அதே வேகத்தில் வரவில்லை. 2016-இல் அங்கே கிடைத்திருக்க வேண்டிய காற்று மின்சாரத்தில் 43 சதவீதம் எடுக்கப்படாமல் வீணானது.

மேட்டிலிருந்து எந்தத் துணை மின்நிலையம் எத்தனை கிலோமீட்டர், அதன் மின்னழுத்தம் என்ன, அதில் இன்னும் எத்தனை மெகாவாட் ஏற்ற முடியும், வரிசையில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். கிராமப்புற மின்தடத்தின் வால்முனையில் பெரிய உற்பத்தியைச் செருகினால் மின்னழுத்தம் தள்ளாடும். இதற்கு ஒரு கடிதமும் ஒரு வரைபடமும் போதும்.

பிப்ரவரி 17, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதை மறுபடி படித்தபோது வரிசையை மாற்றிச் சொல்ல வேண்டும் என்று பட்டது. 14-ஆம் தேதி கோபுரத்தில் தொடங்கினேன். அதற்கும் முன்னால் வரைபடத்தோடு ஒருநாள் உட்காருங்கள். வீடுகள், மின்தடம், சாலை, பாதுகாக்கப்பட்ட காடு, பறவைகள் வரும் நீர்நிலை, விமான நிலையம், ராணுவ ரேடார் எல்லாவற்றையும் குறியுங்கள். பணம் செலவழித்தாலும் மாற்ற முடியாத தடை ஏதாவது அதிலேயே தெரிந்தால் கோபுரச் செலவு மிச்சம்.

தடைகள் எதிர்பாராத இடத்திலிருந்தும் வரும். தெற்கு ஸ்காட்லாந்தில் எஸ்க்டேல்முயர் என்ற இடத்தில் அணுகுண்டுச் சோதனை அதிர்வுகளைப் பிடிக்கும் நிலநடுக்கக் கருவிகள் இருக்கின்றன. சுழலிகளின் மெல்லிய அதிர்வு அவற்றைக் குழப்பும் என்பதால் சுற்றிலும் 50 கிலோமீட்டர் வரை காற்றாலைத் திட்டங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. காற்று அங்கே அருமையாக வீசுகிறது.

பிப்ரவரி 19

சாலை. ஓர் இறக்கை 60, 70 மீட்டர் நீளம், ஒரே துண்டாக வரும். ஊருக்குள் ஒரு கொண்டையூசி வளைவு, பழைய பாலம் ஒன்று, வளைவில் ஒட்டி நிற்கும் ஒரு வீடு. எது வேண்டுமானாலும் மறித்துவிடும். மேலே ஏறிய பிறகு பாரந்தூக்கி நிற்கச் சமதளமும் வேண்டும். துர்கானாவில் 200 கிலோமீட்டர் சாலையைச் சீரமைத்த பிறகுதான் சுழலிகள் போய்ச் சேர்ந்தன.

அதைவிட முக்கியம் நிலத்தடி. சுழலியின் அடித்தளம் பல நூறு கன மீட்டர் கான்கிரீட். துளையிட்டு மண்ணைப் பார்க்காமல் யாராவது "கெட்டியான மண்தான்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். அயர்லாந்தில் டெரிபிரியன் என்ற மலைப்பகுதியில் 2003 அக்டோபரில் காற்றாலைக் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோது நீர் ஊறிய கரிமண் சரிந்து ஆற்றில் இறங்கியது. மீன்கள் ஏராளமாக மடிந்தன. சுற்றுச்சூழல் மதிப்பீட்டைச் சரியாகச் செய்யவில்லை என்று வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2019-இல் அயர்லாந்து அரசுக்கு 50 லட்சம் யூரோ அபராதம், அதற்கு மேல் நாள்தோறும் 15,000 யூரோ. 2022-இல் அந்தக் காற்றாலை நிறுத்தப்பட்டது. காற்று போதவில்லை என்று அங்கே யாரும் குறை சொன்னதில்லை.

பிப்ரவரி 20

"மேட்டின் நீளம் இரண்டு கிலோமீட்டர், இருபது சுழலி வைக்கலாமே" என்ற கணக்குக்கு: வைக்க முடியாது. முன்னால் நிற்கும் சுழலி காற்றின் வேகத்தை உறிஞ்சிவிட்டுக் கலங்கிய காற்றைப் பின்னால் அனுப்பும். காற்றோட்டத் திசையில் சுழல்விட்டத்தைப் போல் 5 முதல் 9 மடங்கும், குறுக்குத் திசையில் 3 முதல் 5 மடங்கும் இடைவெளி விடுவது பொது வழக்கம். விட்டம் 140 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், குறுக்காக நிறுத்தினாலும் உங்கள் மேட்டில் மூன்று முதல் ஐந்து வரைதான்.

இடையில் கிடக்கும் நிலம் வீணாகாது. அடித்தளமும் சாலையும் எடுப்பது மிகச் சிறு பங்கு. மீதியில் உழலாம், மேய்க்கலாம்.

பிப்ரவரி 23

இனி அண்டை வீடுகள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

ஒரு கிராமத்தில் சுழலிக்குக் கிழக்கே இருந்த வீட்டில் மாலைநேரம் உட்கார்ந்திருந்தேன். சூரியன் தாழ்ந்து சுழலிக்குப் பின்னால் போனதும் எதிர்ச் சுவரில் இறக்கையின் நிழல் விழத் தொடங்கியது. ஏறக்குறைய ஒன்றரை நொடிக்கு ஒருமுறை அறை இருண்டு இருண்டு வெளுத்தது. கடிகாரம், நாட்காட்டி, பேசிக்கொண்டிருந்த பெரியம்மாவின் முகம் எல்லாவற்றின் மேலும் அது ஏறி இறங்கியது. அவர் பேச்சை நிறுத்தவே இல்லை. எழுந்துபோய்த் திரையை இழுத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அந்தத் திரையின் ஓரம் கைபட்டுக் கறுத்திருந்தது. அந்த இடத்துக்கு ஒப்புதல் வாங்கியவர்களின் அறிக்கையில் நிழலாட்டம் என்று ஒரே ஒரு பத்தி.

இதைத் தடுப்பது கடினம் அல்ல. சூரியன் எந்த நாளில் எந்தக் கோணத்தில் இருக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். ஒரு வீட்டின் மேல் ஆண்டுக்கு 30 மணி நேரம், நாளுக்கு 30 நிமிடம் என்பது ஜெர்மனியில் பின்பற்றும் வரம்பு. அதைத் தாண்டும் நேரங்களில் சுழலி தானாக நிற்கும்படி அமைத்துவிடலாம்.

ஒலியைப் பகலில் போய்க் கேட்டுவிட்டு "ஒன்றும் இல்லை" என்று சொல்கிறார்கள். இரவில் தரையருகே காற்று அடங்கிவிடும், இலைகூட அசையாது. மேலே அப்போதும் காற்று ஓடும், சுழலி முழு மூச்சில் சுழலும். பகலில் இலைச் சலசலப்பு மறைத்த ஒலி இரவில் தனியாக வந்து சன்னலில் நிற்கும். பகல், மாலை, இரவு மூன்றையும் எடையிட்டுச் சேர்த்த சராசரி 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்கு 2018-இல் பரிந்துரைத்தது.

தூரம் எவ்வளவு என்பதில் நாட்டுக்கு நாடு மாறுபாடு. டென்மார்க்கில் சுழலியின் மொத்த உயரத்தைப் போல் 4 மடங்கு. ஜெர்மனியின் பவேரியா மாநிலம் 2014-இல் 10 மடங்கு என்றது. புதிய காற்றாலைகள் அங்கே கிட்டத்தட்ட நின்றேபோயின. போலந்தும் 2016-இல் 10 மடங்கு என்று வைத்துவிட்டு, 2023-இல் 700 மீட்டராகத் தளர்த்தியது. 10 மடங்கு என்பது தடையேதான் என்று நினைக்கிறேன். உரிய தூரத்தை அந்த மேட்டில் கணக்கிட்ட இரவு ஒலியை வைத்து முடிவுசெய்ய வேண்டும்.

டென்மார்க் 2009-இல் கொண்டுவந்த சட்டத்தில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது: புதிய காற்றாலையின் உரிமையில் குறைந்தது 20 சதவீதத்தை அருகில் குடியிருப்போருக்கு விலைக்குத் தர முன்வர வேண்டும். பின்னாளில் அது கைவிடப்பட்டது. எனக்கு வருத்தம்தான்.

பிப்ரவரி 24

பறவைகளை விட்டுவிட்டேன் என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். நியாயம்.

ஆல்டமான்ட் கணவாயில் 1980-களில் நெருக்கமாக நட்ட சிறிய சுழலிகளில் அடிபட்டுப் பொன்னாங்கழுகுகள் தொடர்ந்து இறந்தன. எலியும் அணிலும் நிறைந்த புல்வெளி, இரைதேடித் தாழப் பறக்கும் கழுகு, அதன் பாதையிலேயே இறக்கைகள். பின்னர் பழையவற்றை அகற்றிவிட்டு எண்ணிக்கையில் குறைந்த பெரிய சுழலிகளை நட்டார்கள். ஸ்பெயினின் தாரிஃபா பகுதியில் பிணந்தின்னிக் கழுகுகள் நெருங்கும்போது குறிப்பிட்ட சுழலிகளை மட்டும் நிறுத்தினார்கள். மின் இழப்பு மிகக் குறைவு, இறப்பு ஏறக்குறைய பாதியானது. வௌவால்கள் பெரும்பாலும் அடிபடுவது மென்காற்று இரவுகளில். அந்நேரம் சுழலியை நிறுத்தினால் போகும் மின்சாரம் சொற்பம்.

கழுகுக்கும் காற்றாலைக்கும் பிடிப்பது ஒரே மேடு, ஒரே மேலெழும் காற்று. அதனால் ஓராண்டு காற்றை அளக்கும்போதே பறவைகளையும் ஓராண்டு எண்ணிவிட வேண்டும்.

பிப்ரவரி 27

கேள்வியில் இருந்த "காலி இடம்" என்பதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

நார்வேயின் ஃபோசன் தீபகற்பத்தில் சுழலிகள் நட்ட மலைகளில் வீடுகள் இல்லை. அவை சாமி என்ற பழங்குடியினரின் கலைமான்களுக்குக் குளிர்கால மேய்ச்சல் நிலம். ஸ்தூர்ஹய், ருவான் காற்றாலைகளுக்குக் கொடுத்த உரிமம் அவர்களின் பண்பாட்டு உரிமையை மீறியது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. சுழலிகள் அதற்குள் சுழலத் தொடங்கியிருந்தன. துர்கானாவிலும் அதே மாதம் ஒரு நீதிமன்றம், நிலப் பட்டாக்கள் முறைப்படி வழங்கப்படவில்லை என்றது. அங்கும் மேய்ச்சல்காரர்கள்தான்.

உங்கள் மேட்டுப் புல்லை யார் மேய்க்கிறார்கள், எந்த மாதத்தில் வருகிறார்கள், எந்தப் பாதை வழியாக? பத்திரத்தில் பெயர் இல்லாதவர்கள் என்பதற்காக அவர்களைக் கேட்காமல் விடாதீர்கள்.

மார்ச் 9

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து எழுதியிருக்கிறார்: துணை மின்நிலையம் 6 கிலோமீட்டர் தூரத்தில், சாலையில் ஒரு குறுகிய பாலம், மேட்டின் வடசரிவில் நான்கு வீடுகள், மழைக்குப் பின் மூன்று மாதம் ஆட்டுக்காரர்கள் வருகிறார்கள். இதற்கிடையே ஒரு நிறுவனம் குத்தகைத் தாளோடு வந்து உடனே கையெழுத்துக் கேட்கிறதாம்.

6 கிலோமீட்டர் நல்ல செய்தி, அந்த நிலையத்தில் இடம் இருந்தால். பாலத்தைப் பெரும்பாலும் வலுப்படுத்திவிடலாம். வடக்கு முனையை விட்டுவிட்டுத் தென்பகுதியில் மட்டும் மூன்று சுழலிகளுக்கு நிழலையும் இரவு ஒலியையும் கணக்கிடச் சொல்லுங்கள்.

இப்போது கையெழுத்திட வேண்டியது அளவீட்டுக் கோபுரத்துக்கான அனுமதிக்கு மட்டும். காலவரம்பு இரண்டு ஆண்டுகள், அளந்த எண்களின் பிரதி உங்களுக்கும் வர வேண்டும். முப்பது ஆண்டுக் குத்தகையை அந்த எண்களைப் பார்த்த பிறகு பேசுங்கள். அதில் சுழலியின் ஆயுள் முடிந்ததும் அகற்றுவதற்கான தொகை முன்கூட்டியே வைப்பாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். நிறுவனம் கைமாறினாலும் அந்தப் பொறுப்பு தொடரும் என்று எழுதியிருக்க வேண்டும். ஆட்டுப்பாதை வரைபடத்தோடு இணைக்கப்பட வேண்டும். நான்கு வீட்டாரும் தாளைப் படித்திருக்க வேண்டும்.

தாளை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு, கோபுரம் நடும் இடத்தையும் எந்த உயரங்களில் வேகமானிகள் வரும் என்பதையும் இங்கே எழுதுங்கள். மேட்டின் விளிம்பிலேயே நட்டுவிடுவார்கள். அதற்குமுன் பார்த்துச் சொல்கிறேன்.